தார் வைத்த பல்

ராஜினியின் முதல் பல்லை ஜனார்த்தனன் கழற்றியது கல்யாணம் முடித்த வருடமே. கறிக்கு உப்புக் கூடிப்போச்சாம். இரண்டாவது எதற்காகப் போனது என்று அவளுக்கே நினைவில்லை. தர்மபுரத்தில் அவர்களுடைய ஒழுங்கையில் எல்லா வீட்டுக்கும் அடிக்கிற சத்தம் கேட்கும். கேட்டதும் ரிவிப் பெட்டியின் சத்தத்தைக் கூட்டிவைப்பார்கள். நல்ல சனங்கள்!

மூன்றாவது பல் தானாகவே சூத்தை பிடித்தது. இடப்பக்கக் கீழ்க் கடைவாயில் முதலில் கறுப்புப் புள்ளி, பிறகு ஓட்டை, பிறகு தேத்தண்ணி பட்டாலே உயிர் போகிற வலி. ஜனார்த்தனன் அதையும் கண்டுபிடித்துவிட்டான். அவனுடைய வலக்கைக்கு அவளுடைய இடக்கன்னம் வாகான இடம். அதன்பின் வேறெங்கும் அடிப்பதில்லை. நோகிற இடம் தேடி அடிக்கிறவனை என்ன சொல்லித் திட்டுவது? மிருகம் என்று சொன்னால் மாடும் நாயும்தான் கோபிக்கும்.

ராஜினி வீதி வேலைக்குப் போகிறவள். பரந்தன் வீதியில் விழுந்த கிடங்குகளுக்குக் கல்லுப் போட்டுத் தார் ஊற்றுகிற கூட்டத்தில் அவளும் ஒருத்தி. ஒருநாள் மத்தியானம் வலி தாங்காமல், வாளி விளிம்பில் ஆறிக்கிடந்த தாரைக் கிள்ளி உருட்டி, பல் ஓட்டைக்குள் வைத்து அமத்தினாள். கூட வேலை செய்த தங்கம்மா தலையில் அடித்துக்கொண்டாள்.

"விசரே உனக்கு? அது ரோட்டுக்குப் போடுறதடி!"

"ரோட்டுக் கிடங்கில நிக்குது, பல்லுக் கிடங்கில நிக்காதோ?"

கொஞ்ச நாள் நின்றது. வலியும் அடங்கியது. பிறகு ஒன்றுக்கு இரண்டாகத் திரும்பி வந்தது. அன்று பின்னேரம் ஜனார்த்தனன் செவிட்டைப் பொத்தி ஒன்று விட்டான். அவள் அடுப்படியில் போய் விழுந்தாள். வாய் முழுக்க இரத்தம். விடிந்ததும் ஒருவருக்கும் சொல்லாமல் கிளிநொச்சிக்கு பஸ் ஏறினாள்.

பல் டொக்டர் யதுர்ஷிகா இளம் பெண். வாய்க்குள் பார்த்தவள் திடுக்கிட்டாள்.

"இதென்னம்மா, கறுப்பா?"

"தார்."

"தாரோ! நீங்கள் ரோட்டில கிடங்குக்குத் தார் ஊத்த முதல் என்ன செய்வியள்?"

"உக்கினதெல்லாத்தையும் கிண்டி எடுத்து, கூட்டி, காயவிடுவம்."

"இதுக்குள்ள கிண்டினனீங்களோ?"

ராஜினி இல்லையென்று தலையாட்டினாள்.

"சூத்தையை உள்ளுக்க வைச்சு மூடினா அது உள்ளுக்க இருந்தே தின்னும். நரம்புக்குக் கிட்ட வந்திட்டுது. புடுங்கிவிடுறது லேசு."

ராஜினி கதிரையை விட்டு எழும்பியே விட்டாள். "புடுங்காதேங்கோ! ரெண்டை அந்தாள் எடுத்திட்டார். இது என்ர பல்லு. நான் குடுக்கமாட்டன்."

டொக்டர் அவளைத் திரும்பக் கதிரையில் சாய்த்தாள். பிறகு ஊசி போட்டு விறைக்கப்பண்ணினாள். மெசின் கத்திக்கொண்டு இறங்கியது. தார் போனது, அதன் கீழே அழுகிப் பிசுபிசுத்துக் கிடந்ததெல்லாம் நாற்றத்தோடு வெளியே வந்தது. நரம்பு மயிரிழையில் தப்பியிருந்தது. துப்பல் படாமல் பஞ்சு வைத்துக் காயவைத்து, அடியில் மருந்து பூசி, வெள்ளைப் பசையைப் படை படையாக வைத்து, நீல வெளிச்சத்தால் இறுக்கினாள்.

"இனிச் சாப்பாடும் கிருமியும் உள்ள போகாது. ஒழுங்கா பிரஷ் போட்டுத் தீட்டினா வருசக்கணக்கா நிக்கும்." கன்னத்தை மெல்லத் தொட்டாள். "ஆனா இந்த வீக்கம் சூத்தையால வந்ததில்லை. மிச்சமிருக்கிற பல்லு மெல்லிசு. இன்னொரு அடி விழுந்தா ரெண்டாப் பிளந்திடும். பிறகு என்னாலையும் ஒண்டும் செய்யேலாது. பொலிசுக்குச் சொல்லுவமோ?"

"நான் பாத்துக்கொள்ளுறன்."

"பாத்துக்கொண்டுதானே ரெண்டு போனது?"

அந்தக் கேள்வி பஸ்ஸிலும் அவளை விடவில்லை. அவளுக்கு அவமானமாக இருந்தது. அதைவிட ஆத்திரமாக இருந்தது.

வேலி வாசல் படலையடியில் ஜனார்த்தனன் நின்றான். "ஆரோட பல் இளிச்சுப்போட்டு வாறாய்?" கேட்ட வாய் மூடமுதல் கை உயர்ந்தது. ராஜினி வேலியில் சாத்தியிருந்த மண்வெட்டியை இழுத்தெடுத்து, பிடிப்பக்கத்தால், உயர்ந்த கையிலேயே போட்டாள். எலும்பு முறிந்தது. அவன் புழுதியில் உருண்டு ஊளையிட்டான். இன்னொன்று போட அவளுக்குக் கை துடித்தது. போடவில்லை. மண்வெட்டியை மட்டும் கீழே வைக்கவும் இல்லை. அவனுடைய தமையன் ஓட்டோவோடு வந்து ஏற்றிக்கொண்டு போகும்வரை அப்படியே நின்றாள்.

அடுத்த மாதம் யதுர்ஷிகா அடைத்த பல்லைத் தட்டிப் பார்த்தாள்.

"அசையேல்லை. கடிக்க நோகுதோ?"

"இல்லை டொக்டர். இப்ப அந்தப் பக்கத்தாலதான் சாப்பிடுறன்."

"அவர் திரும்பி வந்தவரோ?"

"வந்தவர்," என்றாள் ராஜினி. "படலைக்கு அங்கால நிண்டு கதைச்சுப்போட்டுப் போனவர்."