மலிவுக் கடையில் ஒரு பருப்புப் பொட்டலம்

சிவகாசியில் பேருந்து மாறக் கிடைத்த இடைவெளியில், எல்லாப் பொருளையும் தன் பெயர் போட்டே மலிவாக விற்கும் ஒரு மளிகைக் கடைக்குள் நுழைகிறேன். துவரம்பருப்புப் பொட்டலத்தில் பனிமலை, அதன் அடியில் கொழுத்த சீமைப் பசு. பருப்பு விருதுநகர் மில்லில் உடைத்தது. உறை அடுத்த தெருவில் அச்சடித்தது. பசு மட்டும்தான் வெளியூர்.

பக்கத்தில் பட்டாசு ஆலை வேலை முடிந்து வந்த ஒரு பெண். உள்ளங்கைகளில் அலுமினியப் பொடி மின்னுகிறது.

"எப்பவும் இங்கதான் வாங்குவீங்களா?" என்று கேட்கிறேன்.

"ஆமா சார். இங்கன வெல கம்மி. அதுக்குத்தான் தாயில்பட்டியில இருந்து பஸ் ஏறி வாரேன்."

அவர் ஒரு பொட்டலத்தை எடுத்துப் பார்த்துவிட்டுத் திரும்ப வைக்கிறார். டை கட்டிய மேலாளர் துணியோடு ஓடி வந்து அதைத் துடைக்கிறார். குரலில் மட்டும் தேன் ஒழுகுகிறது.

"அக்கா, சும்மா தொட்டுப் பாக்காதீக. கறை பட்டா மத்தவுக வாங்க மாட்டாக."

"சோப்புப் போட்டுக் கழுவித்தான் வந்தேன் தம்பி. எம்புட்டுத் தேச்சாலும் இது ரேகைக்குள்ள ஒட்டிக்கிடும்."

"அப்ப வேணுங்கிறதச் சொல்லுங்க, நாங்க எடுத்துத் தாரோம்."

அந்தப் பெண் தனக்கு வேண்டிய பருப்பைத் தானே எடுத்துக் கூடையில் போடுகிறார். பிறகு அடுக்கின் இந்த முனையிலிருந்து அந்த முனைவரை, ஒவ்வொரு பொட்டலத்தின் மேலும் உள்ளங்கையை அழுத்திப் பதித்துக்கொண்டே நடக்கிறார்.

"இப்பத் தொடைங்க தம்பி," என்று சொல்லிவிட்டுப் பணம் கட்டப் போகிறார்.

நான் குனிந்து பார்க்கிறேன். எந்தப் பொட்டலத்திலும் ஒரு கறையும் இல்லை. மேலாளரும் பார்க்கிறார். பார்த்த பிறகும் முதல் பொட்டலத்திலிருந்து துடைக்க ஆரம்பிக்கிறார்.