தீயணைப்பு வண்டிக்கு அளவெடுத்த காலம்

தீயணைப்பு வண்டி வாங்க வருகிறவர்கள், கேற்றுக்குள் கால் வைத்ததும் அங்கே நிற்பதில் ஆகப் பெரிய வண்டியைத்தான் முதலில் போய்த் தட்டிப் பார்ப்பார்கள். சேலைக் கடையிலோ செருப்புக் கடையிலோ நின்று, கேட்டதைக் கொடுப்பதா பொருந்துவதைக் கொடுப்பதா என்று தவித்த எவருக்கும் என் பாடு விளங்கும்.

எண்பதுகளின் நடுவில் லண்டனுக்கு வந்த எனக்குப் பார்க்கிங்கில் வேலை கிடைத்தது. கார் நிறுத்துகிற பார்க்கிங் அல்ல, கிழக்கு லண்டனில் இருக்கிற ஊர். நகரங்களில் ஓடி ஓய்ந்த தீயணைப்பு வண்டிகளை வாங்கி, எஞ்சினையும் பம்பையும் திருத்தி, நாட்டுப்புற ஊர்களுக்கு விற்கிற யார்ட் அது. அரசாங்கத் தீயணைப்புப் படை வந்து சேர நேரமெடுக்கும் ஊர்களில், விவசாயி, தச்சர், வாத்தியார் என்று ஊர்க்காரரே கூடி நடத்துகிற தொண்டர் படைகள்தான் எங்கள் வாடிக்கையாளர்கள். யாழ்ப்பாணத்தில் பஸ் டிப்போ மெக்கானிக்காக இருந்தவன் என்று என்னை எடுத்தார்கள். இரண்டே மாதத்தில், உன் கையைவிட வாய் நன்றாக வேலை செய்கிறது என்று சொல்லி முதலாளி டெரிக் என்னை விற்பனைக்கு மாற்றிவிட்டார். பட்டறையில் என் இடத்துக்கு வந்தவர் சிவராசா அண்ணை. அவரும் எங்கள் பக்கத்து ஆள். பேச்சு குறைவு. பேசினால் தப்ப முடியாது.

குதிரை லாயம்

நான் விற்ற முதல் வண்டியை வாங்கியவர் ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார். அவர்தான் அந்த ஊர்ப் படைக்குக் கேப்டன். பழைய குதிரை லாயம் ஒன்றைத்தான் ஸ்டேஷனாக வைத்திருந்தார்கள். அதன் நீளத்தையும் அகலத்தையும் கால் அங்குலம் பிசகாமல் ஒரு தாளில் எழுதிக்கொண்டு வந்தார். நான் நாடாவைப் பிடித்து வண்டியை அளந்தேன். அச்சாகப் பொருந்தியது. இரண்டு பேருக்கும் முகமெல்லாம் பல்.

மறுநாள் போன் வந்தது. உயரத்தை அவரும் எழுதவில்லை, நானும் கேட்கவில்லை. கூரையிலிருந்த நீல விளக்கு வாசல் நிலையில் முட்டி நின்றது. டயர்களில் காற்றை இறக்கிப் பார்த்தார்கள். போதவில்லை. பழைய கட்டடம், நிலையில் கை வைக்கக் கூடாது என்று கவுன்சில் சொல்லிவிட்டது. கடைசியில் தரையை ஒரு அடி ஆழத்துக்குத் தோண்டி வண்டியை உள்ளே இறக்கினார்கள். குளிர்காலத்தில் ஒருநாள், குற்ற உணர்ச்சியோடு, எல்லாம் சரிதானே என்று விசாரித்தேன். வாத்தியார் சொன்னார்: "வண்டி அழகாக உள்ளே போகிறது. ஆனால் மழை பெய்தால், முதல் அழைப்பு எங்கள் ஸ்டேஷனிலிருந்துதான் வருகிறது, தண்ணீர் இறைக்க!"

பாலத்தின் அந்தப் பக்கம்

அதற்குப் பிறகு ஒரு கொப்பி வாங்கி, கேட்க வேண்டிய கேள்விகளை எழுதிவைத்தேன். வேல்ஸிலிருந்து ஐந்து பேர் கமிட்டியாக வந்தபோது அது கைகொடுத்தது. நான்கு ஆண்கள், எல்லோரும் ஆடு வளர்ப்பவர்கள். ஐந்தாவது ஆள் செயலாளர், திருமதி ஈவன்ஸ். வந்ததிலிருந்து கைப்பையை மடியில் வைத்தபடி உட்கார்ந்திருந்தார். ஆண்களுக்கு நானூறு கேலன் தண்ணீர்த் தாங்கி உள்ள வண்டிதான் வேண்டும். நான் கொப்பியைப் பார்த்து, வழியில் பாலம் ஏதும் இருக்கிறதா என்று கேட்டேன். இருக்கிறது, பழைய கல்பாலம், ஆனால் அதன் தொடக்கத்தில் தாங்கக்கூடிய எடை எழுதிய பலகை உண்டு என்றார்கள். எவ்வளவு என்று ஒருவருக்கும் ஞாபகம் இல்லை. திருமதி ஈவன்ஸ்தான் அந்த எடையைச் சொன்னார். அந்தப் பெரிய வண்டி, தண்ணீர் நிரம்பிய நிலையில், அந்தப் பாலத்தில் ஏறவே கூடாது.

அரை மணி நேரம் வாக்குவாதம். பாதித் தண்ணீரோடு போகலாம் என்றார் ஒருவர். வேகமாகப் போனால் பாலத்துக்குத் தெரியாது என்றார் இன்னொருவர். நான் ஓரமாக நின்ற, ஜீப்பை விடக் கொஞ்சம் பெரிய வண்டியைக் காட்டினேன். தாங்கி சிறியது, ஆனால் கையில் தூக்கிக்கொண்டு போகக்கூடிய பம்ப் ஒன்று பின்னால் இருக்கிறது, ஆறோ குளமோ கிடைத்தால் அதிலிருந்தே உறிஞ்சலாம் என்றேன். நான்கு பேரும் அதை விளையாட்டுச் சாமானைப் பார்ப்பதுபோலப் பார்த்தார்கள். திருமதி ஈவன்ஸ் கைப்பையை மூடிவிட்டு எழுந்தார். "நம் ஊர் முழுக்க ஆற்றங்கரையில்தான் இருக்கிறது. ஆற்றைத் தாண்டிப் போவதற்கு எதற்காக ஆற்றையே முதுகில் சுமந்துகொண்டு போகவேண்டும்?"

ஒரு அடி கூட

இரண்டு ஊர்களுக்கு இடையில் இரண்டே மைல். கிரிக்கெட்டிலும் பூசணிக்காய்ப் போட்டியிலும் தலைமுறையாகப் பகை. முதல் ஊருக்கு நான் ஒரு நடுத்தர வண்டி விற்றேன். இரண்டு மாதத்தில் அடுத்த ஊரின் கேப்டன் வந்து நின்றார். அதே வண்டி, ஆனால் அவர்களுடையதைவிட ஒரு அடியாவது நீளமாக இருக்கவேண்டும் என்றார். இவருடைய ஊர்ச் சந்து வளைவுகளுக்கு அதைவிட நீளமான வண்டி திரும்பாது. வரைபடத்தை விரித்து விளக்கினேன். மனிதர் தலையை ஆட்டுகிறார், மனம் மட்டும் அசையவில்லை.

சிவராசா அண்ணை துணியில் கையைத் துடைத்துக்கொண்டு வந்தார். யார்ட்டில் நின்ற அதே ரக வண்டியின் கூரையிலிருந்த ஏணியைக் கழற்றி, நீளமான ஏணி ஒன்றைப் பூட்டினார். அது வண்டியின் பின்னால் சரியாக ஒரு அடி நீட்டிக்கொண்டு நின்றது. நுனியில் சிவப்புத் தகடும் கட்டிவிட்டார். கேப்டன் முன்னுக்கும் பின்னுக்கும் நடந்து அளந்தார். உடனே கையெழுத்துப் போட்டார். அவர் போனதும், என்ன அண்ணை இது என்றேன். "அந்தாள் நீளம்தானே கேட்டது? வண்டிதான் நீளமா இருக்கவேணும் எண்டு எங்கை சொன்னது?"

தபால்கந்தோர் அம்மாவின் கால்

ஸ்கொட்லாந்துக்கு வடக்கே ஒரு சிறு தீவிலிருந்து மூன்று பேர் வந்தார்கள். கேப்டன் ஆங்கஸ், மீன்பிடிப் படகுக்காரர். கதவுக்குள் நுழையக் குனிய வேண்டிய உயரம். தபால்கந்தோர் நடத்துகிற மொய்ரா, அவருடைய முழங்கைக்குத்தான் வருவார். மூன்றாவது ஆளைக் கண்டு நான் திகைத்தேன். தீவின் டாக்டர், மலேசியத் தமிழர். என் பெயர்ப் பலகையைப் படித்தவர், "தமிழா நீங்க? நானும்தான், ஈப்போ ஊரு! படிக்க வந்தேன், அப்படியே தங்கிட்டேன்" என்று என் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

ஆங்கஸ் நேரே போய் யார்ட்டிலேயே பெரிய வண்டியில் ஏறி உட்கார்ந்தார். அவருக்காகவே செய்ததுபோல இருந்தது. நான் கொப்பியை எடுத்து, படையில் எத்தனை பேர் என்று கேட்டேன். பன்னிரண்டு என்றார் பெருமையோடு. வார நாளில், பகலில் எத்தனை பேர் என்று கேட்டேன். அவர் வானத்தைப் பார்த்தார். டாக்டர் மெதுவாகத் தமிழில் சொன்னார்: "பகல்ல எல்லாரும் கடலுக்குப் போயிருவாங்க. நான், இந்த அம்மா, ஸ்கூல் டீச்சர், பாதிரியார், நாலே பேருதான். எனக்கும் டீச்சருக்கும் பாதிரியாருக்கும் லாரி ஓட்ட வராது. இந்த அம்மா இளவயசுல பால் லாரி ஓட்டினவங்க."

நான் மொய்ராவைப் பெரிய வண்டியில் ஏறச் சொன்னேன். உட்கார்ந்தார். கால் கிளட்சுக்கு எட்டவில்லை. சீட்டின் நுனிக்குச் சரிந்தால் தலை ஸ்டியரிங்குக்குக் கீழே போயிற்று. ஆங்கஸ் சிரித்தார். அடுத்து மொய்ராவைச் சின்ன வண்டியில் ஏற்றினேன். மொய்ரா கிளட்சை மிதித்தார், கியரைப் போட்டார், யார்ட்டைச் சுற்றி ஒரு வட்டம் அடித்தார், டெரிக்கின் காருக்கும் தகரக் கொட்டிலுக்கும் இடையில் பின்னுக்கு எடுத்துக் கச்சிதமாக நிறுத்தினார். ஆங்கஸின் சிரிப்பு நின்றுவிட்டது. இந்த வண்டியில் என் முழங்கால் காதைத் தொடுமே என்று முறையிட்டார். மொய்ரா ஜன்னல் கண்ணாடியை இறக்கினார். "வீடு எரியும்போது நீ கடலில் இருப்பாய், ஆங்கஸ். உன் முழங்காலும் உன்னோடுதான் இருக்கும்."

தண்ணீர் எங்கே

இப்படி ஏழெட்டு வருடம் போக, எனக்குத் தலைக்கனம் வந்துவிட்டது. சின்ன வண்டி என்றால் சரியான வண்டி என்று ஒரு முடிவுக்கு வந்திருந்தேன். குன்றின் மேல் இருந்த ஒரு ஊருக்குக் கேப்டன் வால்ட்டர், வயதான விவசாயி. பெரிய தாங்கி வேண்டும் என்று பணிவாகத்தான் கேட்டார். நான் கொப்பியை விரித்தேன். கதவு, பாலம், வளைவு, பகலில் ஆட்கள். எல்லாம் சின்ன வண்டிக்கே பொருந்தியது. அவரை மடக்கிப் பேசி அனுப்பிவைத்தேன்.

அந்தக் கோடையில் அவருடைய வைக்கோல் களஞ்சியம் நடுப்பகலில் பற்றிக்கொண்டது. வண்டி சொன்ன நேரத்துக்குள் வந்துவிட்டது. மாடுகளை எல்லாம் வெளியே துரத்திவிட்டார்கள். பிறகு தண்ணீர் அடித்தார்கள். சில நிமிடத்தில் தாங்கி காலி. அந்தக் குன்றில் ஆறும் இல்லை, குளமும் இல்லை. நிரப்ப வேண்டுமென்றால் அடிவாரத்துக்குப் போய் வரவேண்டும். வண்டி திரும்பி வருமுன் கூரை விழுந்துவிட்டது.

செய்தி வந்த அன்றே டெரிக்கிடம் போய், பிழை என்னுடையது என்று சொன்னேன். அவர் வண்டியை மாற்றிக்கொடுக்கச் சம்மதித்தார். சிவராசா அண்ணை இரண்டு கிழமை மெனக்கெட்டு, ஒடுக்கமான லொறி ஒன்றில் பெரிய தாங்கியைப் பூட்டினார். நானே ஓட்டிக்கொண்டு போனேன். இரண்டு பக்கமும் வேலி உரசியது, ஆனால் போனது. களஞ்சியத்தின் கருகிய மரங்கள் இன்னும் அப்படியே கிடந்தன. மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன். வால்ட்டர் தேநீர்க் கோப்பையை என் கையில் வைத்துவிட்டு, புது வண்டியின் தாங்கியை விரலால் தட்டிப் பார்த்தார். "கதவைக் கேட்டாய், பாலத்தைக் கேட்டாய், வளைவைக் கேட்டாய். தண்ணீர் எங்கே என்று மட்டும் நீ கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. அந்தக் களஞ்சியத்தை நாம் இரண்டு பேரும் சேர்ந்துதான் எரித்தோம். தேநீரைக் குடி."

ஒரு நெருப்பைக்கூட என் கையால் அணைக்காமல், பதினைந்து வருடம் தீயணைப்புத் தொழிலில் இருந்தவன் இந்த நாட்டிலேயே நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.