தேவராஜ் அடிக்காமல் விட்ட அடி

தேவராஜ் இறந்த செய்தி எங்கள் மெல்லிசைக் குழுவின் வாட்ஸப்பில் ஒரு படமாக வந்தது. மாரடைப்பு. படத்தில் அவர் முகத்தைவிடக் குழுவின் பெயரும் முன்பதிவு எண்ணும் பெரிதாக இருந்தன. 

அவரோடு வாசித்தவர்களுக்குத் தெரியும். கள்ளக்குறிச்சியில் பஸ் பாடி கட்டும் பட்டறையில் வேலை. முகூர்த்த நாட்களில் எங்களுக்கு டிரம்ஸ். நான் கீபோர்டு. மதியச் சாப்பாட்டு நேரத்தில் போனில் பழைய ஜாஸ் டிரம்மர்களின் வாசிப்பை வேகம் குறைத்துக் கேட்பார். அவர்களில் ஒருவர் வாசித்த ஒரேயொரு துணுக்கை நாலு மாதம் இம்மி பிசகாமல் வாசித்துக்கொண்டிருந்தார். "அதான் வந்துடுச்சே, வுடேன்" என்றேன்.

"இது இன்னும் அவுரு பேச்சுப்பா. நான் பேசற மாதிரி வரணும்ல?"

கல்வராயன் மலையில் ஒரு கல்யாணத்தில் அது வந்தது. மும்மூன்றாக உருண்டு வந்த அடிகளில் கடைசியை அடிக்காமல் நிறுத்தினார். அந்த இடைவெளியில் பாடகி மூச்சு எடுத்துக்கொண்டார். தேவராஜைத் திரும்பிப் பார்த்துச் சிரித்தார்.

குழுத் தலைவருக்கு அது பிடித்துப்போயிற்று. "அத ரிதம் பேடுல ஏத்தி வெச்சிக்கலாம்" என்றார். பதிவு செய்தவன் நான்தான். அடுத்த நிகழ்ச்சியிலிருந்து தேவராஜுக்கு அழைப்பில்லை; தட்டினால் பதிவான அடியை வாசிக்கும் அந்தப் பேடே போதும் என்றாகிவிட்டது. நான் தொடர்ந்து வாசிக்கப் போனேன்.

சின்னசேலம் கச்சேரிக்குக் கூட்டத்தோடு கூட்டமாக வந்து நின்றார். முடிந்ததும் என்னிடம் வந்தார். "என் அடிதான். ஆனா பாடறவங்க மூச்ச அது கேக்கலியே. எல்லாப் பாட்டுலயும் ஒரே எடத்துல வந்து உழுவுது" என்றார். பிறகு, "நான் வேற ஒண்ணு கத்துக்கினு இருக்கேன்" என்று சொல்லிப் போய்விட்டார்.

இரங்கல் கூட்டத்தில் தலைவர் கண்ணைத் துடைத்துக்கொண்டே, "நம்ம குழு உருவாக்கின அடி இது" என்று பேடைத் தட்டினார். கைதட்டினார்கள், அதற்கும். நான் மேடையேறிப் பேடிலிருந்து அந்தப் பதிவை அழித்தேன்.

"இன்னாய்யா பண்ற?" என்றார் தலைவர்.

"அது நம்மளுது இல்லீங்க. நாந்தான் அவுருகிட்டருந்து எடுத்துக் குடுத்தேன்."

மறுநாள் என்னைக் குழுவிலிருந்து நீக்கினார்கள். அதற்காக யாரும் என்னைப் பாராட்ட வேண்டாம். அவர் உயிரோடு இருந்தபோதே அதை அழித்திருக்க வேண்டும். சின்னசேலத்தில் அவர் என்னை ஒரு வார்த்தைகூடத் திட்டவில்லை. அவரிடமிருந்து என்னிடம் மிச்சமிருப்பது அவர் திட்டாமல் விட்ட அந்த வார்த்தை மட்டும்தான்.