வாய் நீளமாகவே இருக்கட்டும்

காலையில் விளக்கேற்றித் திரியைத் தூண்டிவிட்டுக் கொண்டிருந்தபோது போன் வந்தது. நூர்ஜஹான் அக்காவின் மூத்த மகன். "அம்மா மௌத்தாயிட்டாங்கம்மா" என்றான். பிறகு, "பாப்பாவைக் கூட்டிட்டு வந்துடுங்க. அவ மொகம் பாத்த பொறவுதான் எடுக்கணும்னு அத்தா சொல்றாங்க" என்றான். பாப்பா என்று அவன் சொன்னது என் மகளை. ஆறாம் வகுப்பு படிக்கிறாள். திரும்பிப் பார்த்தபோது அவள் என் பின்னால்தான் நின்றிருந்தாள். போனில் பேசியது அவளுக்கும் கேட்டிருந்தது.

சேலத்தில் கோட்டைப் பக்கம் வளையல் கடை பாய் வீட்டம்மா என்றால் உங்களில் பலருக்குத் தெரிந்திருக்கும். அவரிடம் பேரம் பேசித் தோற்று, சிரித்துக்கொண்டே இன்னொரு டஜன் வாங்கிப் போனவர்களாகவும் இருப்பீர்கள். எனக்கு அவரைத் தெரிய வந்தது கடையில் இல்லை. பிரசவ அறையில், அடுத்தடுத்த கட்டிலில்.

தலைப்பிரசவம் தாய்வீட்டில் என்பது எங்கள் வழக்கம். எனக்குத் தாய்வீடு இல்லை. பெற்றவர்கள் போய்விட்டார்கள், கூடப் பிறந்தவர்களும் கிடையாது. அதனால் நாமகிரிப்பேட்டைக்குப் பக்கத்தில் மாமியார் வீட்டிலேயே இருந்தேன். வீட்டுக்காரர் ஆழ்துளைக் கிணறு போடும் போர் வண்டியில் வேலைக்கு வடக்கே போயிருந்தார். எங்கோ பாறையில் துளை போட்டுக்கொண்டிருந்தவருக்குப் போனும் கிடைக்கவில்லை. பனிக்குடம் உடைந்து பக்கத்து ஆஸ்பத்திரிக்குப் போனால், தலை இறங்கவில்லை, பிரஷர் ஏறுகிறது என்று சேலத்துக்கு அனுப்பிவிட்டார்கள். கூட வந்த மாமியாரை, என் அத்தையை, வெளியே நிறுத்திவிட்டு என்னை மட்டும் உள்ளே கொண்டுபோனார்கள்.

அங்கே உடம்பு என்னுடையதாக இல்லை. யார் யாரோ வந்து கை வைத்துப் பார்த்தார்கள். பார்த்ததை என்னிடம் சொல்லாமல் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டார்கள். கேட்டால், "இன்னும் நேரமிருக்கும்மா" என்றார்கள். நான் கும்பிடும் தெய்வம், தாயார் பெயரை நூற்றெட்டு முறை சொல்வது என்று தொடங்கினேன். வலி வரும்போது எண்ணிக்கை கைநழுவிவிடும். மறுபடி ஒன்றிலிருந்து ஆரம்பிப்பேன்.

பக்கத்துக் கட்டிலில் இருந்தவர் கேட்டார்: "என்னம்மா எண்ணிக்கிட்டே இருக்க?"

"சாமி பேருங்க. நூத்தியெட்டு சொல்லோணும்."

"நடுவுல விட்டுப்போச்சுன்னா?"

"முதல்லருந்துங்க."

"சரியான கணக்கம்மாவா இருக்கியே. வலியோட ஒரு தடவை சொன்னா நூத்தியெட்டுக்குச் சமம்னு உன் சாமிக்குத் தெரியாதா? நீ உன் சாமியக் கூப்பிடு, நான் எங்களுத கூப்பிடறேன். யாருக்கு முதல்ல காது கேக்குதுன்னு பாப்போம்."

அவருக்கு அது மூன்றாவது பிரசவம். பேச்சின் நடுவிலேயே பல்லைக் கடித்துக்கொள்வார். வலி இறங்கியதும் விட்ட இடத்திலிருந்து பேச்சைத் தொடர்வார். அவருக்குத்தான் முதலில் ஆயிற்று. பையன் என்று சொன்னார்கள். "மூணாவதும் கடாக்குட்டியா? இதுக்கா இந்தப் பாடு" என்றார். பிறகு என் பக்கம் திரும்பி, "உன் சாமி மலையேறிப் போயிருக்கும் போல. இறங்கி வர நேரமாகும்ல. பயப்படாதே" என்றார்.

குழந்தையின் நாடித் துடிப்பு குறைகிறது என்று ஒரு டாக்டரம்மா சொன்னது எனக்குக் கேட்டது. உடனே ஆபரேஷன் என்றார்கள். தள்ளுவண்டியில் ஏற்றியபோது அக்கா எட்டி என் கையைப் பிடித்தார். "சத்தம் போடு. போற வழியெல்லாம் கத்திக்கிட்டே போ. அப்பத்தான் தள்ளுறவங்க கால் வேகமா நடக்கும்." எனக்குச் சத்தம் வரவில்லை. யார் முன்னாலும் குரலை உயர்த்தி எனக்குப் பழக்கமில்லை. பெற்ற பச்சை உடம்போடு படுத்துக்கொண்டே அவர்தான் எனக்காகக் கத்தினார். "அந்தப் பொண்ணுக்கு முடியல, சீக்கிரம் தள்ளுங்கம்மா." கதவு தாண்டியும் அந்தக் குரல் வந்தது.

முதுகில் ஊசி போட்டிருந்ததால் எனக்கு நினைவிருந்தது. கண்ணுக்கு முன்னால் பச்சைத் துணி. அதற்கு அப்பால் என்னை என்னவோ செய்தார்கள். வயிற்றிலிருந்து எதையோ எடுத்தது தெரிந்தது. அழுகைக்காகக் காத்திருந்தேன். தட்டில் கத்தரி வைக்கும் சத்தம் கேட்டது. யாரோ அவசரமாக நடக்கும் சத்தம் கேட்டது. "பொண்ணு" என்று ஒரு குரல் கேட்டது. அழுகை மட்டும் கேட்கவில்லை. துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு போனபோது ஒரு பாதம் மட்டும் வெளியே தெரிந்தது. அது நீலமாக இருந்தது. என்னால் கையை நீட்டக்கூட முடியவில்லை. இரண்டு கையையும் பலகையில் கட்டியிருந்தார்கள்.

வார்டில் கண்ணைத் திறந்தால் பக்கத்துக் கட்டிலில் மறுபடியும் நூர்ஜஹான் அக்கா. "வந்துட்டியா கணக்கம்மா. உன் பொண்ணு மேல் மாடியில இருக்கா. மூச்சு விடுதாம். அழத்தான் இன்னும் கத்துக்கலையாம்."

குழந்தைகள் பிரிவிலிருந்து வந்த சிஸ்டர் தாய்ப்பால் கேட்டார். எனக்கு ஒரு சொட்டும் இல்லை. பிரஷர் இறங்கவில்லை, ரத்தம் போனது நிற்கவில்லை. அவர் அழுத்திப் பார்த்துவிட்டு விட்டுவிட்டார். வேறு தாயின் பாலைப் பரிசோதித்துக் கொடுக்கலாம், வீட்டார் சம்மதம் வேண்டும் என்றார். "குழாய்ல விடறதுக்கு முன்னாடி நாக்குல ஒரு சொட்டு தடவுவோம். அது ரொம்ப முக்கியம்."

"எனக்கு இருக்கறது என் கடாக்குட்டிக்குப் போக மிச்சம்தான். எடுத்துக்கங்க" என்றார் அக்கா, யாரும் கேட்கும் முன்பே.

என் அத்தை முந்தானையில் ஒரு சின்னப் பாட்டிலை முடிந்து வைத்திருந்தார். சர்க்கரைத் தண்ணீர். பிறந்த குழந்தையின் நாக்கில் யார் முதலில் சேனை தொட்டு வைக்கிறார்களோ அவர்கள் குணம்தான் குழந்தைக்கு வரும் என்பது எங்கள் நம்பிக்கை. எனக்கு ஐந்தாம் மாதத்திலிருந்தே அதற்கு ஆள் பார்த்தாயிற்று. அத்தையின் அண்ணன், அதிர்ந்து பேசாதவர், பேங்கில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அவர் ராசிபுரத்திலிருந்து பஸ் ஏறியிருந்தார். இப்போது முதல் சொட்டே வேறொருவருடையதாகப் போகிறது.

"அண்ணன் வந்துரட்டுமுங்க" என்றார் அத்தை.

"அவர் வந்து பால் குடுப்பாரா பாட்டிம்மா?" என்றார் சிஸ்டர். "சர்க்கரைத் தண்ணியெல்லாம் வச்சீங்கன்னா புள்ள தாங்காது."

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான் அத்தையைப் பார்த்தேன். ஒரு மூச்சைக்கூட என் இஷ்டத்துக்கு இழுக்க முடியாமல் கிடந்த நேரம் அது. அத்தை மாடிக்குப் போனார். கண்ணாடிக்கு வெளியே எவ்வளவு நேரம் நின்றாரோ தெரியாது. திரும்பி வந்தவர் முந்தானை முடிச்சை அவிழ்த்து, பாட்டிலில் இருந்ததைக் கை கழுவும் தொட்டியில் ஊற்றினார். பிறகு அக்காவின் கட்டிலருகே வந்து நின்றார்.

"ஏனுங் பாயம்மா, உங்க குணம் எப்படிங்?"

வார்டே திரும்பிப் பார்த்தது. அக்கா சிரிக்கவில்லை. பெண் பார்க்க வந்தவர்களுக்குப் பதில் சொல்வது போல யோசித்துச் சொன்னார்.

"வாய் கொஞ்சம் நீளம். கோவம் வந்தா மூணு நாள் பேச மாட்டேன். பொய் சொல்ல வராது. பரவாயில்லையா?"

"வாயி நீளமாவே இருக்கட்டுங்க" என்றார் அத்தை. "கத்துனாப் போதும், சாமி." அப்போதுதான் அத்தை அழுதார். அதற்கு முன்பும் பின்பும் அவர் அழுது நான் பார்த்ததில்லை.

பால் மேலே போகத் தொடங்கியது. சிஸ்டர் இறங்கி வரும்போதெல்லாம் எவ்வளவு போயிற்று என்று நான் கேட்பேன். "கணக்கம்மா, கடைக்கு வந்து உக்காந்துக்கறியா? எங்க பாய்க்கு உன்னை மாதிரி ஒரு ஆள் வேணும்" என்பார் அக்கா. ஒரு நாள் அத்தையிடம் தானாகவே சொன்னார்: "பால் குடிச்சுட்டா எங்க மார்க்கத்துல பெத்த புள்ள மாதிரி. இனிமே என் மூணு பசங்களுக்கும் இவ தங்கச்சி. கூடப் பொறந்த மொறைதான். நாளைக்குக் கல்யாணம் கில்யாணம்னு ஏதாச்சும் ஆயிடுமோன்னு பயப்படாதீங்க. எங்களுக்கே ஆகாது." அத்தையின் மனதில் ஓடியதை எப்படிக் கண்டுபிடித்தாரோ. அத்தை முகத்தைத் துடைத்துக்கொண்டு, "நா அப்படியெல்லாம் நெனைக்கலீங்" என்றார். "நெனைச்சீங்க" என்றார் அக்கா. "நானா இருந்தாலும் நெனைச்சிருப்பேன்."

என்னைச் சக்கர நாற்காலியில் வைத்து முதல்முறை மாடிக்குக் கொண்டுபோனபோது அவரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு கூட வந்தார். கண்ணாடிக்கு அப்பால், எத்தனையோ வயர்களுக்கு நடுவில், ஒரு சிஸ்டர் என் மகளின் குதிகாலில் ஊசி குத்தினார். அவள் வாயைத் திறந்தாள். கண்ணாடியைத் தாண்டிச் சத்தம் வந்தது. "கேட்டியா, என் வாய்" என்றார் அக்கா.

மகளுக்குக் காது குத்தும்போது உட்கார வைக்கத் தாய்மாமன் மடி வேண்டும். எனக்கோ அண்ணன் தம்பி இல்லை. என் அப்பாவின் பங்காளி வீட்டில் யாரையாவது கேட்கலாம் என்று வீட்டில் பேச்சு. அக்கா தன் தம்பியைச் சேலத்திலிருந்து சீர்த்தட்டோடு அனுப்பிவிட்டார். "பால் குடுத்தவ தம்பி மாமன் இல்லாம வேற யாரு?" கோயில் வாசலில் தொப்பி போட்ட மாமன் மடியில் மொட்டைத் தலையோடு உட்கார்ந்து என் மகள் போட்ட கூச்சலில் ஆசாரி ஒரு நிமிடம் கையை எடுத்துவிட்டார். சொந்தக்காரர்கள் முணுமுணுத்ததும் உண்டு. அத்தை அவர்களுக்கு இலை போட்டு நின்று பரிமாறினார்.

இரண்டு வருடங்களுக்கு முன்னால் அக்காவுக்குச் சிறுநீரகம் கெட்டுவிட்டது. என்னுடையது ஒன்று பொருந்துமா என்று கேட்டேன். "ஒரு தடவை உன் வயித்தைக் கிழிச்சதே போதும்" என்று பேச்சை முடித்துவிட்டார். டயாலிசிஸ் செய்தும் கால் வீங்கியது, மூச்சு வாங்கியது. ஒரு நாளைக்கு இவ்வளவுதான் தண்ணீர் என்று அளந்து வைத்தார்கள். என்னால் முடிந்தபோதெல்லாம் பஸ் ஏறிப் போய்ப் பகலில் கூட இருந்தேன். தண்ணீர்க் குடத்தை அவர் என் பொறுப்பில் விட்டார். "பசங்ககிட்ட கெஞ்சுனா குடுத்துடுவானுங்க. நீ கணக்கம்மா. நீ வச்சுக்க" என்றார்.

பிறகு என்னிடமே கெஞ்சினார். என் பிள்ளைக்கு நாக்கை நனைத்தவர், ஒரு மடக்குத் தண்ணீருக்காக என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். கொடுத்தால் மூச்சு முட்டும். கொடுக்காவிட்டால் அந்தப் பார்வை. தாயாரை எத்தனையோ கேட்டிருக்கிறேன். அந்த அறையில் என்ன கேட்பது என்றே எனக்குத் தெரியவில்லை.

கடைசியாகப் போனபோது மகளும் வந்திருந்தாள். அன்றைய அளவு மத்தியானத்திலேயே தீர்ந்துவிட்டது. "இன்னும் ஒரே வாய்" என்றார் அக்கா. முடியாது என்றேன். அவர் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். மகள் என்னைப் பார்த்தாள். எழுந்து போய் ஸ்பூனைக் குடத்தில் நனைத்துக்கொண்டு வந்து, அவர் நாக்கில் ஒவ்வொரு சொட்டாக விட்டாள். நான் தடுக்கவில்லை. அக்காதான் நிறுத்தினார். "போதும் கண்ணு. கணக்கம்மா திட்டுவா."

அதன் பிறகு அவரைப் பார்த்தது வெள்ளைத் துணியில்தான். ஊதுபத்தி வாசனைக்கு நடுவே பெண்கள் வழிவிட்டார்கள். என் மகள் அவர் முகத்தைப் பார்த்து அந்தத் தெருவுக்கே கேட்கும்படி அழுதாள். யார் இந்தப் பெண் என்று ஒரு அம்மாள் கேட்டார். "எங்க தங்கச்சி" என்றான் மூத்தவன். ஆண்கள் தூக்கிக்கொண்டு போனார்கள். நாங்கள் வாசலோடு நின்றுவிட்டோம்.

திரும்பி வரும் பஸ்ஸில் மகள் ஒன்றுதான் கேட்டாள். "அந்த ஒரு வாய் குடுத்திருக்கலாமில்லம்மா?" டாக்டர் சொன்னதைச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. வீட்டுக்கு வந்ததிலிருந்து அவள் என்னோடு பேசவில்லை. சாப்பிட்டாள், பள்ளிக்கூடம் போனாள், படித்தாள், பேச்சு மட்டும் இல்லை. நான் பூஜை அறையில் உட்கார்ந்து அழுவதை அத்தை பார்த்தார். இப்போது அவருக்கும் நடை தளர்ந்துவிட்டது. சுவரைப் பிடித்துக்கொண்டு வந்து நின்று சொன்னார்: "உடு அம்மிணி. கோவம் மூணு நாளுன்னு பாயம்மா அன்னைக்கே சொல்லிப்போட்டுத்தானே குடுத்தாங்க."

நான்காம் நாள், இன்று காலை, கடைக்குப் போய்த் திரும்பியவள் வாசலில் செருப்பைக் கழற்றும்போதே சத்தம் வந்தது. "அம்மா, தண்ணி." சொம்பு நிறைய மொண்டு கொடுத்தேன். முழுவதையும் குடித்துவிட்டு, புறங்கையால் வாயைத் துடைத்துக்கொண்டு பேச ஆரம்பித்தாள். பள்ளிக்கூட வண்டி வரும்வரை நிறுத்தவில்லை. நூர்ஜஹான் அக்காவுக்கு மண் தள்ளியாயிற்று. அவருடைய வாய் எங்கள் வீட்டில் இருக்கிறது.