ரெஜினா மேடம் எழுதச் சொன்ன ஐந்தாவது வரி

செய்தி வந்தபோது ஈஜிபுராவில் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பின் வாசலில் நின்று, உள்ளே வரும் வண்டிகளின் எண்களைக் குறித்துக்கொண்டிருந்தேன். ரெஜினா மேடத்தின் தங்கைதான் அழைத்தார். "அக்கா போயிட்டாங்க செல்வராஜ். காலையில நெஞ்சு வலிக்குதுன்னாங்க, ஆஸ்பத்திரி போறதுக்குள்ள முடிஞ்சுபோச்சு." அடுத்து வந்த இரண்டு வண்டிகளை நான் குறிக்கவில்லை. என் சட்டைப்பையில் இருக்கும் தாளில் முதல் தொலைபேசி எண் அவருடையது. இனி யாரை அழைப்பேன் என்றுதான் முதலில் நினைத்தேன். சுயநலம்தான், மறைக்கப்போவதில்லை.

உங்களில் பலரிடமும் அந்தத் தாள் இருக்கும். இராணுவ மருத்துவமனையில் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்ற மேடம், ஜோகுபாளையத்தில் தம் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் நம்மைப் போன்ற முன்னாள் சிப்பாய்களை ஒவ்வொருவராக உட்காரவைத்து எழுதி வாங்கிய தாள். செத்துவிடலாம் என்ற எண்ணம் வந்தால் அடுத்து என்ன செய்ய வேண்டும் என்பதற்கான திட்டம். "மனசு பேஜாரா இருக்கறப்போ யோசனை ஓடாது. ஓடுறப்பவே எழுதி வச்சுக்கோ" என்பார்.

என் தாளின் முதல் வரி, கெட்ட நாளுக்கான அடையாளம்: டிபன் பாக்ஸைத் திறக்காமலே வீட்டுக்குத் திரும்பக் கொண்டுபோவது. இரண்டாவது, உடனே ஆள் நடமாட்டம் உள்ள டீக்கடைக்கு நடந்துவிடுவது. மூன்றாவது, யாரை அழைப்பது. நான்காவது, துப்பாக்கியைக் கையில் வைத்துக்கொள்ளாமல் ஒப்படைத்துவிடுவது. ஐந்தாவது, நாளைக்கு நான் ஏன் இருக்க வேண்டும் என்பது. மற்றவர்கள் பிள்ளைகளின் பெயர்களை எழுதினார்கள். எனக்கு யாருமில்லை. "காலியா விடு, வரும்" என்றார் மேடம்.

அப்போது ஒரு செக்யூரிட்டி ஏஜென்சி மூலம் வங்கி வாசலில் துப்பாக்கியோடு நிற்கும் வேலை எனக்கு. ஒரு வாரத்தில் தொடர்ந்து மூன்று நாள் டிபன் பாக்ஸ் திறக்கப்படாமலே திரும்பியது. தாளில் உள்ளபடி ஏஜென்சி ஆபீஸுக்குப் போய், "கொஞ்ச நாளைக்குத் துப்பாக்கி இல்லாத ட்யூட்டி குடுங்க சார்" என்று கேட்டேன். மேனேஜரும் பட்டாளத்திலிருந்து வந்தவன்தான். பெயரை எழுத மாட்டேன், அந்த மரியாதை அவனுக்கு இங்கே கிடையாது. ட்யூட்டிக்கு முன் ஆஜர் கொடுக்க வரிசையில் நின்ற முப்பது பேர் முன்னால் சிரித்தான். "பாருங்கப்பா, மெண்டல் கேஸு. பட்டாளத்துல இருந்தாராம், துப்பாக்கின்னா பயமாம்." பெல்ட்டையும் தொப்பியையும் அங்கேயே கழற்றவைத்து, வேலையை விட்டே அனுப்பினான்.

மறுநாள் மேடம் என்னையும் அழைத்துக்கொண்டு அதே ஆட்கள் முன்னால் போய் நின்றார். "துப்பாக்கிய எங்கிட்ட தராதீங்கன்னு கேட்டு வந்தவன்தான் இங்க இருக்கறதிலயே தைரியசாலி. நீங்க சிரிச்சுட்டீங்க. இனிமே எவன் வந்து உங்ககிட்ட வாயத் திறப்பான்?" அவன் செல்போனைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

மேடம் வீட்டுக்குத் திரும்பியதும் நான் மேசையில் குத்தினேன். "அவன் எல்லார் முன்னாடியும் எங்கிட்ட மன்னிப்பு கேக்கணும் மேடம். அதப் பாக்காம நான் சாக மாட்டேன்."

பேனாவை என் பக்கம் நகர்த்தினார். "அத எழுது, அஞ்சாவது வரியில."

"இது நல்ல எண்ணமில்லயே?"

"நல்லது வர்ற வரைக்கும் இது போதும். நாளைக்கு ஏதாவது வேணும்னு நினைக்கறவன் நாளைக்கு இருப்பான்."

எழுதினேன். அதற்குப் பிறகு எத்தனையோ காலைகளில், அவன் முகம் சுருங்குவதைப் பார்க்க வேண்டும் என்பதற்காகவே எழுந்து சவரம் செய்துகொண்டேன்.

அடக்கத்தன்று அவன் மலர்வளையத்தோடு சர்ச்சுக்கு வந்தான். நேராக வந்து என் கையைப் பிடித்தான். "செல்வராஜ், அன்னைக்கு நான் உங்கள..." என்று ஆரம்பித்தான். எனக்குப் பயம் வந்துவிட்டது. அவன் சொல்லி முடித்தால் என் ஐந்தாவது வரி தீர்ந்துவிடும். வேறு வரி எழுதவைக்க மேடம் இல்லை, பெட்டிக்குள் இருக்கிறார். கையை உதறினேன். "இங்க வேணாம் சார். அடுத்த மாசம் முதல் திங்கக்கிழமை, உங்க ஆபீஸ்ல, ஆஜர் எடுக்கறப்போ. மேடம் நின்ன இடத்துல நான் நிப்பேன்." தலையாட்டினான். அவன் கண் கலங்கியிருந்தது. எனக்கு இரக்கம் வரவில்லை. வந்தது என்று எழுதினால் மேடமே நம்ப மாட்டார்.

அவரிடமிருந்து நான் வைத்துக்கொள்வது அந்தத் தாளைத்தான். மூன்றாவது வரியில் இப்போது அவர் தங்கையின் எண் இருக்கிறது. அவரைக் கேட்டுவிட்டுத்தான் எழுதினேன். "எந்நேரம்னாலும் கூப்பிடு" என்றார். ஐந்தாவது வரியை நானே மாற்றி எழுதினேன். அந்தத் திங்கட்கிழமை அவன் மன்னிப்பு கேட்பான், கேட்டுக்கொள்வேன். ஆனால் அதோடு விடமாட்டேன். ஒரு வெள்ளைத் தாளையும் பேனாவையும் அவன் பக்கம் நகர்த்துவேன். அந்த ஆபீஸில் வேலைக்குச் சேரும் ஒவ்வொருவனும் தனக்கென்று ஒரு தாள் எழுத வேண்டும், முதல் தாள் மேனேஜருடையது. கடைசி ஆள் எழுதி முடிக்கும்வரை நான் போக மாட்டேன். இதுதான் என் புதிய ஐந்தாவது வரி.

செக்யூரிட்டி ஏஜென்சியில் மாதாமாதம் புது ஆள் வந்துகொண்டேயிருப்பான், மேடம்.