மூலைக்கு எந்த லை?

பஸ் டிக்கெட்டை இரண்டாக மடித்து, நான்காக மடித்து, எட்டாக மடித்தபடியே மாடிப்படி ஏறுகிறார். மூன்றாவது மாடி வருவதற்குள் அது கொண்டைக்கடலை அளவுக்கு வந்துவிடும். சட்டைப் பையில் போட்டுக்கொள்வார். மிட்டாய்க் காகிதம், மளிகைக் கடைச் சீட்டு, டாக்டர் கொடுத்த கடிதம், இரண்டு பள்ளிகளில் வாங்கி நிரப்பாமலே விட்ட படிவங்கள் என்று எல்லாம் அந்தப் பைக்குள் அதே மாதிரிதான் கிடக்கும். பெரிய மருத்துவமனை ஒன்றின் சலவைப் பிரிவில் பதினோரு வருடமாகப் படுக்கை விரிப்பு மடிக்கிறவர். வேலை நேரம் முடிந்தாலும் கைக்கு அது தெரிவதில்லை. எங்கள் கட்டடத்தில் அவருக்கு 'மடிப்பு' என்றுதான் பெயர். அவருக்கும் அது தெரியும். "இதுக்கென்ன சார், நீட்டான பேருதானே?" என்பார்.

நான் அவருக்கு நேர் கீழ்வீடு. அச்சுப்பிழை திருத்துவது என் தொழில். வீட்டில் உட்கார்ந்து பார்க்கிற வேலை என்பதால் எனக்கு வெளிச்சம் வேண்டும், அமைதி வேண்டும். அவர்கள் குடிவந்த வாரமே அமைதி போயிற்று. தலைக்கு மேலே டம், டம், டம். மூன்று நாள் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன். நான்காம் நாள் ஒட்டடைக் கம்பை எடுத்துக் கூரையில் பதிலுக்கு நாலு இடி இடித்தேன். மேலே சத்தம் நின்றது. ஜெயித்துவிட்டதாக நினைத்து நாற்காலியில் சாய்ந்தேன். ஐந்து நிமிடத்தில் அழைப்பு மணி. சண்டைக்கு வாயைத் தயார் செய்துகொண்டு கதவைத் திறந்தால், இடுப்பில் ஒரு குழந்தையோடு மடிப்பு நிற்கிறார். முகமெல்லாம் பல்.

"சார், நீங்கதானே தட்டினீங்க? எங்க மேடம் சிரிச்சாங்க சார். இன்னொரு தடவை தட்டுவீங்களா?"

திட்டுவதற்காகச் சேர்த்து வைத்திருந்த வார்த்தைகளை என்ன செய்வதென்று எனக்குத் தெரியவில்லை. அவர் மேலே போனதும் மறுபடி தட்டினேன். டம், டம் என்று பதில் வந்தது. கூடவே ஒரு சிரிப்பும் வந்தது. அன்றிலிருந்து தினமும் மாலை நான்கு மணிக்கு எங்களுக்குள் இந்தப் பேச்சுவார்த்தை நடக்கிறது. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், அவள் முதலில் தட்டாவிட்டால் எனக்கு வேலை ஓடுவதில்லை.

மேடம் என்பது அவருடைய ஐந்து வயது மகள். மூன்று வயதில்தான் நடந்தாள், அதுவும் நுனிக்காலில் எக்கி எக்கி. பேச்சு இன்னும் வரவில்லை. பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் திரும்ப மாட்டாள். நினைத்தது நடக்காவிட்டால் தரையில் விழுந்து குதிகாலால் இடிப்பாள், தன் மணிக்கட்டையே கடித்துக்கொள்வாள், கிட்டே வருகிறவர் கையையும் விட்டுவைக்க மாட்டாள். என்ன நினைத்தாள் என்பது பாதி நேரம் யாருக்கும் தெரியாது. மடிப்பின் முன்கையில் வரிசையாகப் பல் தழும்புகள் இருக்கின்றன. வேலையிடத்தில் யாரோ விசாரித்ததற்கு, "மேடம் தினம் கையெழுத்து போடுவாங்க" என்றாராம்.

அவள் விழுந்து புரளும்போது அவர் தூக்குவதில்லை, அதட்டுவதும் இல்லை. பக்கத்திலேயே தானும் படுத்துக்கொள்வார். ஒரு நாள் கடையில் சோப்பு அடுக்குகளுக்கு நடுவில் அப்பாவும் மகளும் மல்லாந்து கிடந்ததை நானே பார்த்தேன். ஆட்கள் கூடையோடு தாண்டித் தாண்டிப் போனார்கள். ஒரு அம்மாள் நின்று, "ரெண்டு அடி போட்டா தானா எழுந்திருப்பா" என்று யோசனை சொன்னார். மடிப்பு படுத்தபடியே அவரை அண்ணாந்து பார்த்தார். "ஒரு தடவை போட்டேம்மா. எனக்குத்தான் இன்னும் வலிக்குது" என்றார். அந்த அம்மாள் கூடையைத் தூக்கிக்கொண்டு பில் போடுகிற இடத்துக்குப் போய்விட்டார்.

அவர் மனைவிக்கு மருந்துக் கடையில் வேலை. இவர் விடியற்காலை போய் ஒரு மணிக்குத் திரும்புவார். மனைவி ஒன்றரைக்குக் கிளம்பினால் இருட்டியபின்தான் வருவார். குழந்தையோடு எப்போதும் ஒருவர் இருக்க வேண்டுமே. கைமாற்றல் பெரும்பாலும் என் வாசல் படியில்தான் நடக்கும். "எங்க குடும்பம் நடக்கிறதே இந்தப் படியிலதான் சார்" என்பார் அந்தப் பெண், செருப்பு வாரை இழுத்து மாட்டியபடி.

"சாப்பிட்டாளா?"

"பாதி சாப்பிட்டா. மீதி சுவத்துல இருக்கு, துடைச்சிடுங்க."

"கடி?"

"ரெண்டு. ஒண்ணு எனக்கு, ஒண்ணு சோபாவுக்கு."

"சோபா அழுதுச்சா?"

"போங்க, எனக்கு நேரமாச்சு." சிரித்துக்கொண்டே இறங்குவார். அடுத்த திருப்பத்தில் கண்ணைத் துடைத்துக்கொள்வதும் உண்டு. கீழே நான் பால் வாங்கிக்கொண்டு ஏறி வரும்போது பார்த்திருக்கிறேன்.

மருத்துவமனையில் கிழிந்த விரிப்புகளின் ஓரத்தில் நீல மையில் 'கழிவு' என்று முத்திரை குத்தித் துடைப்புத் துணிக்கு அனுப்பிவிடுவார்கள். மேலாளரிடம் கேட்டு அதில் நான்கை வாங்கி வந்தார் மடிப்பு. அவள் அடங்காத வேளைகளில் அதில் இறுகச் சுருட்டி மடியில் வைத்துக்கொண்டால் கொஞ்சம் கொஞ்சமாக மூச்சு சீராகும். முதலில் செய்த வேலை, முத்திரை இருந்த ஓரத்தைக் கத்தரித்து எறிந்துவிட்டுக் கையாலேயே மடித்துத் தைத்தது. "அவளுக்குப் படிக்கத் தெரியாதே, எதுக்கு இவ்வளவு மெனக்கெடறீங்க?" என்று கேட்டேன். "எனக்குத் தெரியுமே சார்" என்றார். ஊசி விரலில் குத்தியிருந்தது, அதையும் கவனிக்கவில்லை.

அந்த விரிப்புகளை அவர் மடித்துக்கொண்டிருந்தபோதுதான் ஒரு நாள் மேடம் தானாக வந்து எதிர்ப்பக்கத்து இரண்டு முனைகளையும் பிடித்தாளாம். அவருக்குத் தலைகால் புரியவில்லை. அதன் பிறகு தினமும் மடிப்புதான். இவர் "மூலை!" என்பார். அவள் இரண்டு மூலையைப் பிடித்துக்கொண்டு எக்கி எக்கி வந்து இவர் கையில் கொடுப்பாள். கொடுக்கும்போது ஒரு நொடி இவர் முகத்தைப் பார்ப்பாள். நாள் முழுக்க அவள் யாரையாவது பார்ப்பது அந்த ஒரு நொடிதான். அதற்காக நான்கு விரிப்பையும் பிரித்துப் பிரித்து மடிப்பார். "மேடத்துக்கு ஒரு வார்த்தை தெரியும்" என்று கட்டடம் முழுக்கச் சொல்லிவிட்டார். மனைவிதான் ஒப்புக்கொள்ளவில்லை. "துணியைப் பாத்துப் பிடிக்கிறா. வார்த்தைக்கு இல்ல. நீங்களா ஒண்ணு நினைச்சுக்காதீங்க" என்றார். ஏமாந்து ஏமாந்து மரத்துப்போன ஒரு குரலில்தான் சொன்னார்.

இரண்டு பள்ளிகள் கைவிரித்த பிறகு மூன்றாவதாக ஒரு சின்னப் பள்ளி, இப்படிப்பட்ட குழந்தைகளுக்கென்றே நடப்பது, மூன்று பிற்பகல் அழைத்து வரச் சொன்னது. டீச்சர் ஒளிவு மறைவில்லாமல் பேசினார்: "ஒரு இடம்தான் இருக்கு. ஏதாவது ஒரு வார்த்தைக்கு அவ காது குடுக்கணும். இல்லேன்னா இந்தக் கூட்டத்துல அவதான் கஷ்டப்படுவா. அடுத்த வருஷம் பாக்கலாம்." அடுத்த வருடம் என்றால் மனைவி வேலையை விடுவதாகப் படியில் பேச்சு நடந்திருந்தது. பஸ்ஸில் மேடத்துக்கு இரண்டு பக்கமும் ஆள் வேண்டும் என்பதால் நானும் போனேன்.

முதல் இரண்டு நாளும் அவள் ஜன்னலோரம் உட்கார்ந்து ஒரு பொம்மை வண்டியின் சக்கரத்தைச் சுற்றிக்கொண்டே இருந்தாள். தொட வந்த ஆயாவை ஒரு கடி. மடிப்பு "மூலை" என்று சொல்லிப் பார்க்கக்கூட இல்லை. "ஏன்?" என்று கேட்டதற்கு, "திரும்பலேன்னா சார்? அப்புறம் எனக்கு எதுவுமே இல்லையே" என்றார். மூன்றாம் நாள் மணி நாலாகப் போகிறது. அவருடைய கை டிக்கெட்டை மடித்து மடித்து, இனி மடிக்க இடமில்லாமல் உருட்டிக்கொண்டிருந்தது. டீச்சர் ஆயாவிடம் ஏதோ வேலையாகச் சொன்னார்: "அந்த நாற்காலியைத் தூக்கி மூலையில போடுங்க."

சக்கரம் நின்றது.

எங்களுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தவள் எழுந்தாள். எக்கி எக்கி வந்தாள். நடுவிலிருந்த குட்டை மேஜையின் விரிப்பை இரண்டு மூலையிலும் பிடித்தாள். ஐயையோ என்று நான் வாயெடுப்பதற்குள் நடக்க ஆரம்பித்துவிட்டாள். நான்கு கிண்ணம் வர்ணம், தூரிகைகள், டீச்சர் குடித்துக்கொண்டிருந்த டீ எல்லாம் தரையில். டீச்சரின் உடையில் முழங்கால் வரை மஞ்சள். ஆயா தலையில் கை வைத்துக்கொண்டார். மடிப்பு மன்னிப்புக் கேட்பார் என்று பார்த்தேன். மனிதர் கேட்கவே இல்லை.

"டீச்சர், இப்ப என்ன சொன்னீங்க?" என்றார். "நாற்காலியை எங்க போடச் சொன்னீங்க?"

"மூலையில..."

அப்பாவை நோக்கிப் போய்க்கொண்டிருந்தவள் அந்தச் சொல் வந்த பக்கம் திரும்பினாள்.

"அந்தப் பக்கம் ரெண்டு முனையையும் பிடிங்க டீச்சர். கெஞ்சிக் கேக்குறேன், பிடிங்க!"

டீச்சர் குனிந்து, வர்ணம் சொட்டுகிற முனைகளை எடுத்து நின்றார். மேடம் அவர் வரைக்கும் போய், தன் இரண்டு மூலையையும் அவர் கையில் கொடுத்து, முகத்தைப் பார்த்தாள். டீச்சர் அந்த விரிப்பை நான்காக மடித்து முடித்தார். பிறகு, "திங்கக்கிழமை கூட்டிட்டு வாங்க. மேஜைக்கு இனிமே துணி போடல" என்றார். மடிப்பு சுவரோடு சரிந்து உட்கார்ந்து வாய்விட்டு அழுதார். எனக்கும் அழுகை வந்தது. அங்கிருந்தே மனைவிக்குப் போன் போட்டார். "துணியைப் பாக்கலம்மா. முதுகைக் காட்டிட்டு உக்காந்திருந்தா. வார்த்தைக்குத்தான் எழுந்தா." அந்தப் பக்கம் யாரோ இருமல் மருந்து கேட்டுக்கொண்டிருந்தது எனக்கே கேட்டது. அவரை நிற்கச் சொல்லிவிட்டு, "இன்னொரு தடவை சொல்லுங்க" என்றார் அந்தப் பெண்.

திங்கட்கிழமை மதியம் என் வீட்டு அழைப்பு மணி. பள்ளி கொடுத்த படிவத்தோடு மடிப்பு. பின்னால் படியில் மனைவி மேடத்தைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார், அன்று லீவு போட்டிருந்தார். "நீங்க எழுத்து பாக்கிறவரு. தப்பில்லாம இருக்கான்னு சொல்லுங்க சார்." எல்லாம் சரியாகத்தான் இருந்தது. 'குழந்தைக்குப் புரியும் சொற்கள்' என்ற இடத்தில் மட்டும், பென்சிலில், ஒரே சொல்: மூளை.

முதலில் சிரிப்பு வந்தது, உடனே அடங்கிவிட்டது. மூன்று வருடமாக அவர் கைக்கு வந்த காகிதங்களில் எல்லாம் மூளை வளர்ச்சி, மூளை ஸ்கேன், மூளை நரம்பு. அவர் கண்ணுக்குப் பழகிய எழுத்து அதுதான். "இது தலைக்குள்ள இருக்கிறதுங்க. உங்களுக்கு வேண்டியது சின்ன லை" என்றேன்.

"அட, மூலைக்கு எந்த லைன்னு இப்பத்தான் தெரியுது. அது டாக்டருங்களோடது. இது நம்மளுதா?" என்று கேட்டு, ரப்பரை வாங்கி, தாள் கிழியாமல் மெதுவாக அழித்தார். என் பேனாவால் அவரே எழுதினார். எழுதிய மை காய்கிற வரைக்கும் ஊதினார். நான் உறை ஒன்றை நீட்டினேன், உறை சிறியது, தாளை இரண்டாக மடித்தால்தான் போகும். வேண்டாம் என்று தலையாட்டினார். படிவத்தை இரண்டு உள்ளங்கையிலும் மல்லாத்தி வைத்துக்கொண்டு, "கதவைக் கொஞ்சம் அகலத் திறங்க சார்" என்று சொல்லி, ஒரு மடிப்பும் விழாமல் அப்படியே ஏந்திக்கொண்டு படியிறங்கினார்.