மூன்று நாள் போதும் என்றவர்

தவமணி மிஸ்ஸி தவறிவிட்ட செய்தி எனக்குப் பாசாரில் வைத்து வந்தது. கெம்போங் மீனுக்கு விலை கேட்டுக்கொண்டிருந்தேன். எங்கள் நடைக் கூட்டத்துக் கமலா போன் பண்ணினாள். "அக்கா, காலையில மிஸ்ஸி போயிட்டாங்க" என்று சொல்லிவிட்டு அழுதாள். நான் சரி என்று மட்டும் சொன்னேன். மீன்காரர் எத்தனை வேண்டும் என்று இரண்டு தடவை கேட்டார். ஒன்றும் வாங்காமல் வீட்டுக்கு வந்துவிட்டேன்.

பதினாறாம் நாள் காரியத்துக்கு ஒரு சின்னப் புத்தகம் போடுகிறோம், நீங்களும் எழுதுங்கள் என்று கமலாதான் கேட்டாள். நான் படித்தது தோட்டப் பள்ளிக்கூடத்தில் மூன்றாம் வகுப்பு. பிழை இருந்தால் திருத்திக்கொள்ளுங்கள். ஆனால் விஷயத்தை மாற்றாதீர்கள். யார் என்ன சொன்னார்கள், எந்த இடத்தில் நின்று சொன்னார்கள் என்பது எனக்கு மறக்காது.

அவரைத் தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். அரசாங்கக் கிளினிக்கில் முப்பது வருஷத்துக்கு மேல் தாதியாக இருந்தவர். இங்கே தாதியை மிஸ்ஸி என்றுதான் கூப்பிடுவோம். பென்ஷன் வாங்கிய பிறகும் அந்தப் பெயர் அவரை விடவில்லை. என்னைவிட எட்டு வயது இளையவர். வீடு பட்டர்வொர்த்தில். திங்கள், புதன், வெள்ளி காலையில் பெர்ரிக் கப்பல் ஏறி எங்கள் தீவுக்கு வந்து, பாடாங் கோத்தா கடற்கரைச் சுவர் ஓரமாக எங்களை நடக்க வைப்பார். எங்களை என்றால், வயிறு பெருத்த பெண்களை. சர்க்கரை, பிரஷர், மூச்சு வாங்குதல் என்று ஆளுக்கொன்று வைத்திருந்தோம். இருபத்திரண்டு பேர் இருந்தோம். யாரிடமும் அவர் ஒரு காசு வாங்கியதில்லை.

முதல் நாளே எனக்கு அவர்மேல் கோபம். கோயில் மண்டபத்தில் எல்லாரையும் வரிசையாக நிற்க வைத்து இடுப்பை அளந்தார். என் முறை வந்ததும் நாடாவைப் பார்த்து, "நூத்தி நாலு" என்று சத்தமாகச் சொன்னார். பின்னால் நின்ற ஓர் அம்மா சிரித்தார். அந்த அம்மாவின் பெயரை இங்கே எழுத எனக்கு இஷ்டமில்லை. அவர் அளவு நூற்றுப்பதினொன்று.

அப்புறம் ஏன் போனேன் என்றால், எனக்கு ஒரு காரியம் ஆக வேண்டியிருந்தது. முப்பத்தோரு வருஷம் தைப்பூசத்துக்குத் தண்ணீர்மலைக்குப் பால்குடம் எடுத்தவள் நான். மிஸ்ஸியிடம் சேர்வதற்கு முந்தின இரண்டு வருஷமும் பாதிப் படியில் மூச்சு நின்று உட்கார்ந்துவிட்டேன். என் ஓரகத்திதான் குடத்தை என் தலையிலிருந்து வாங்கிக்கொண்டு மேலே போனாள். போனதோடு விடவில்லை. கல்யாண வீடு, சாவு வீடு என்று பார்க்காமல் அதைச் சொல்லிக் காட்டினாள். அடுத்த பூசத்துக்கு என் குடத்தை நானே சுமந்து மேலே ஏற வேண்டும். எனக்கு வேண்டியது அவ்வளவுதான்.

மிஸ்ஸி சொல்லிக் கொடுத்தது கேட்க லேசானது. ஒரு நிமிஷம் வேகம், இரண்டு நிமிஷம் மெதுவு. இப்படி எட்டுச் சுற்று. முதலில் டாக்டரைப் பார்த்து, சரி என்று கேட்டுக்கொண்டு வந்தால்தான் சேர்ப்பார். முதல் மாசம் அரை நிமிஷத்துக்கு மேல் வேகம் விடமாட்டார். எது வேகம் என்று எங்களுக்குப் புரிகிற மாதிரிச் சொன்னார்: "மருமகளைப் பத்திப் பேச முடிஞ்சா அது மெதுவு. பேச முடியாம மூச்சு வாங்கினா அதுதான் வேகம்." அந்த ஒரு நிமிஷத்தில் கடற்கரையே அமைதியாகிவிடும். விசில் அடித்ததும் இருபத்திரண்டு பேரும் விட்ட இடத்திலிருந்து பேச ஆரம்பிப்போம்.

ஒரு நாள் கமலா கேட்டாள், தினமும் செய்தால் சீக்கிரம் குறையுமே என்று. எல்லார் மனசிலும் இருந்த கேள்விதான். மிஸ்ஸி சுவரில் உட்கார்ந்து பொறுமையாகப் பதில் சொன்னார்.

"சும்மா நடக்கிறதுன்னா தினமும் நடங்க, கமலா. பாசாருக்குப் போங்க, கோயிலுக்குப் போங்க. இந்த வேகம் மட்டும் வாரத்துக்கு மூணு நாள். நடுவுல ஒரு நாள் விடணும். வேலை செய்யிற அன்னைக்கு உடம்பு களைக்குது. மறுநாள்தான் அது தேறுது. அந்த மறுநாளைப் பிடுங்கிட்டா அது எப்பத்தான் தேறும்?"

வயிறு மட்டும் தனியாகக் குறையாது, உடம்பு குறையும்போது அதுவும் குறையும், மாசக்கணக்கில் ஆகும், தே தாரேக் டீயில் இருக்கிற பாலையும் சீனியையும் விடாமல் ஒன்றும் நடக்காது என்றும் சொன்னார். நான் காதில் வாங்கினேன். சொன்னபடியே மூன்று நாள் நடந்தேன். ஐந்தாம் மாசம் நாடா தொண்ணூற்றொன்பது காட்டியது. இந்தத் தடவை அவர் எண்ணைச் சத்தமாகச் சொல்லவில்லை. என் காதோரம் வந்து சொல்லிவிட்டு, என் கையை ஒரு தடவை அழுத்தினார். முதல் நாள் சிரித்த அம்மாவுக்குக் கேட்கும்படி சொல்லியிருக்கலாமே என்று அதற்கும் எனக்குக் கோபம் வந்தது.

அதற்குப் பிறகுதான் நான் அந்தத் தப்பைச் செய்தேன்.

பூசத்துக்கு நாற்பத்தெட்டு நாள் இருக்கும்போது விரதம் ஆரம்பிப்பது எங்கள் வழக்கம். ஒரு மண்டலம். நடுவில் ஒரு நாள் விட்டாலும் விரதம் முறிந்த கணக்கு. மாலை போட்ட அன்றைக்கு, நடையையும் விரதத்தோடு சேர்த்துக்கொண்டேன். முருகனுக்கு என்று ஆரம்பித்ததைத் திங்கள், புதன், வெள்ளி மட்டும் செய்வதா? ஒரு நாள் விட்டு ஒரு நாள் யாராவது விரதம் இருப்பார்களா? மிஸ்ஸி வருகிற நாளில் கடற்கரையில் நடந்தேன். மற்ற நாலு நாளும் எங்கள் ஃபிளாட் படிக்கட்டில், கீழிருந்து ஒன்பதாம் மாடி வரைக்கும், ஒரு மாடி வேகம், ஒரு மாடி மெதுவு என்று ஏறினேன். வேண்டுதலை வெளியே சொன்னால் பலிக்காது என்று யாரிடமும் சொல்லவில்லை.

முப்பத்து மூன்றாம் நாள் வலது முட்டி பலாக்காய் மாதிரி வீங்கியது. காலை ஊன்ற முடியவில்லை. அந்தப் பூசத்துக்குப் பாதிப் படிகூட இல்லை. மலையடிவாரத்தில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். ஓரகத்தி தன் குடத்தோடு, எனக்கும் சேர்த்து வேண்டிக்கொண்டு ஏறினாள்.

அடுத்த திங்கட்கிழமை கைத்தடி ஊன்றிக்கொண்டு கடற்கரைக்குப் போனேன். எல்லார் முன்னாலும் மிஸ்ஸியைக் கேட்டேன். "உங்களை நம்பித்தானே வந்தேன். என் காலைப் பாருங்க. வயசான பொம்பளைங்களை இப்படி ஓட விடலாமா?"

அவர் முகம் வெளுத்துப்போனது. குனிந்து முட்டியைத் தொட்டுப் பார்த்தார். நிமிர்ந்து ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"அக்கா, வாரத்துக்கு எத்தனை நாள் செஞ்சீங்க?"

"நீங்க சொன்ன மூணு நாள்தான்" என்றேன்.

சந்தேகப்பட்டிருந்தால் சண்டை போட்டிருப்பேன். அவர் சந்தேகப்படவில்லை. "அப்ப தப்பு என்னோடதுதான் அக்கா" என்று சொல்லிவிட்டு, அன்றைக்கு எல்லாரையும் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்.

முட்டியைப் பார்க்க என் வீட்டுக்கும் வந்தார். தூங்குவதாகச் சொல்லச் சொல்லி மருமகளிடம் சொல்லிவிட்டு, கதவுக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தேன். எப்படி ஐஸ் வைப்பது, எந்த அளவு நடப்பது என்று அவர் மருமகளுக்குச் சொன்னது முழுவதும் எனக்குக் கேட்டது.

அதோடு நான் போவதை நிறுத்திவிட்டேன். அங்கே நடந்ததை எல்லாம் கமலா வந்து சொல்வாள். மிஸ்ஸி மூன்று நாளை இரண்டாக்கிவிட்டாராம். வேகத்தையும் குறைத்துவிட்டாராம். பெண்கள் பேசிக்கொண்டே நடக்க, விசில் எதற்கு என்றே தெரியாமல் போனதாம். சிலருக்குக் குறைந்த வயிறு திரும்பி வந்ததாம். இதற்கா வெயிலில் வருவது என்று ஒவ்வொருவராக நின்றுவிட்டார்களாம். "எந்நேரமும் அதையே யோசிக்கிறாங்க அக்கா. வயசானவங்களுக்கு மூணு நாள் ஜாஸ்தியோ, ரெண்டுதான் சரியோன்னு. போன வாரம் பெர்ரியில வரும்போதுகூட யாரோ டாக்டரைப் பிடிச்சு கேட்டாங்களாம்" என்றாள் ஒரு நாள்.

முப்பது வருஷம் அந்த வேலை பார்த்தவர், என் ஒரு வார்த்தையை நம்பித் தனக்குத் தெரிந்ததையே சந்தேகப்பட்டுக்கொண்டிருந்தார். எனக்கு விடை தெரியும். இதை எழுதும்போது கை கூசுகிறது. கமலாவுக்குத் தே ஊற்றிக் கொடுத்துவிட்டு வாயை மூடிக்கொண்டிருந்தேன். ஒன்றரை வருஷம்.

போன மாசம் அவரை ஆஸ்பத்திரியில் சேர்த்திருப்பதாகத் தெரிந்து பார்க்கப் போனேன். சொல்லிவிட வேண்டும் என்றுதான் போனேன். ஈரலில் நோய் முற்றி, கை குச்சியாகிக் கிடந்தார். என்னைப் பார்த்ததும், நாற்காலி போடச் சொல்லித் தன் வீட்டுக்காரரிடம் கண்ணைக் காட்டினார்.

"முட்டி எப்படி இருக்கு அக்கா?"

"பரவால்ல."

"நான் உங்களை ரெண்டு நாளோட நிறுத்தியிருக்கணும்" என்றார்.

வீட்டுக்காரர் பக்கத்தில் நின்றார். யாரோ சொந்தக்காரர்கள் பழம் வெட்டிக்கொண்டிருந்தார்கள். இத்தனை பேர் முன்னால் வேண்டாம், வெள்ளிக்கிழமை தனியாக வந்து சொல்லலாம் என்று எழுந்து வந்துவிட்டேன். அன்றைக்குக் கடற்கரையில் அவரைக் குற்றம் சொல்லும்போது எத்தனை பேர் முன்னால் என்று நான் பார்க்கவில்லை. வெள்ளிக்கிழமைக்கு முன் வியாழன் காலையில் போய்விட்டார்.

எட்டாம் நாள் படையல் முடிந்து பட்டர்வொர்த்திலிருந்து திரும்பும்போது, பெர்ரியில் கமலாவையும், அவளோடு கடைசிவரை நடந்த மற்ற நாலு பேரையும் உட்கார வைத்து எல்லாவற்றையும் சொன்னேன். விரதம், படிக்கட்டு, ஏழு நாள், பொய். யாரும் என்னைத் திட்டவில்லை. கமலா தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தாள். பெர்ரித் துறையில் இறங்கும்போதுதான் சொன்னாள். "ஆஸ்பத்திரியில இதைச் சொல்லியிருந்தா, அவங்க நிம்மதியா போயிருப்பாங்க அக்கா." அவள் சொன்னது நியாயம். இதற்காக நான் அவள்மேல் கோபம் வைக்க மாட்டேன். எனக்கே இது புதிது.

அவரைத் தெரிந்தவர்களுக்கும் தெரியாதவர்களுக்கும் இந்தப் புத்தகத்தில் எழுதி வைக்கிறேன். அந்த முட்டி மிஸ்ஸியால் கெட்டது இல்லை. வாரத்துக்கு ஏழு நாள் செய்த என்னால் கெட்டது. அவர் சொன்ன மூன்று நாளில் என் வயிறு குறைந்தது, காலுக்கு ஒன்றும் ஆகவில்லை. என்னைப் போல நின்றுபோன மற்ற பதினாறு பேரும் இதைப் படித்தால் திரும்பி வாருங்கள். திங்கள், புதன், வெள்ளி. கமலா நேரம் பார்க்கிறாள். டாக்டர் விட்ட அளவுக்கு நானும் வந்து மெதுவாக நடக்கிறேன்.

மிஸ்ஸி, நீங்கள் கேட்டுக்கொண்டே இருந்த கேள்விக்குப் பதில் என்னிடம்தான் இருந்தது. மூன்று நாள் ஜாஸ்தி இல்லை. நீங்கள் சொன்னது சரி. போய் வாருங்கள்.